900 ஆண்டுக் கோட்டை, 30 ஆண்டு ஒயின்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியெனா நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால், சைப்ரஸ் மரங்கள் சூழ்ந்த ஒரு குன்றின் மேல் ப்ரோலியோ கோட்டை தெரியும். காயோலே இன் கியான்டி என்ற சிற்றூரைச் சேர்ந்த இடம். கியான்டி என்பது இந்த மலை வட்டாரத்தின் பெயர், இங்கே செய்யும் சிவப்பு ஒயினின் பெயரும் அதுதான். ரிகாசோலி குடும்பத்தின் கைக்கு இது வந்தது 1141இல். இடையில் எத்தனையோ போர்கள், கடன்கள், விற்பனைகள் நடந்தும், கோட்டை இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. இத்தாலியின் மிகப் பழைய ஒயின் நிறுவனம் தாங்கள்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழிகாட்டி முதலில் சொல்வது அந்த 1141தான். கோட்டை மதில், தோட்டம், குடும்பக் கல்லறை, அப்புறம் கீழே இறங்கி பீப்பாய் அறை, கடைசியில் மேசையில் மூன்று நான்கு கண்ணாடிக் கோப்பைகள். இந்த வரிசையில் நடந்து வருகிறவர் மனதில், கோப்பையில் இருக்கும் ஒயினும் 900 ஆண்டுகளாக மாறாமல் வருகிறது என்ற எண்ணம் தானாகப் படிந்துவிடும். உண்மையில் அந்த ஒயினின் இன்றைய வடிவத்துக்கு வயது 30ஐ ஒட்டித்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் சுற்றுலா இன்னும் சுவாரசியமாகும் என்பது என் எண்ணம்.

கோட்டையிலிருந்தே தொடங்கலாம். ஃபுளோரன்ஸும் சியெனாவும் தீராப் பகையாளிகளாக இருந்த காலத்தில் ப்ரோலியோ ஃபுளோரன்ஸின் எல்லைக் காவல். மதிலில் நின்று பார்த்தால் தென்மேற்கே சியெனாவின் கோபுரங்கள் தெரியும். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்தக் கோட்டையின் வேலை. ‘ப்ரோலியோ உறுமினால் சியெனா நடுங்கும்’ என்ற பொருளில் அங்கே ஒரு பழமொழி உண்டு. 1478இல் சியெனாவும் அதன் கூட்டாளிகளான, நேப்பிள்ஸை ஆண்ட அரகோன் வம்சத்தின் படையும் சேர்ந்து கோட்டையைப் பிடித்து இடித்தன. பிறகு ஃபுளோரன்ஸ் அதைத் திரும்பக் கட்டியது. பீரங்கிக் குண்டைத் தாங்கும்படி கோண முனைகளோடு இன்று நாம் பார்க்கும் மதில் அந்தக் காலத்து வேலை. சுற்றுலாப் பயணிகள் அதிகம் படமெடுக்கும் சிவப்புச் செங்கல் மாளிகை இருக்கிறதே, அது இடைக்காலக் கட்டடம் போலத் தெரிவதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் சுவரில் இருக்கும் காயங்கள் மட்டும் உண்மையான போர்க் காயங்கள். இரண்டாம் உலகப் போரில் பட்டவை.

அந்தச் செங்கல் மாளிகையைக் கட்டியவர்தான் கதையின் நடுநாயகர். பெத்தினோ ரிகாசோலி, 1809இல் பிறந்தவர். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, கடனில் மூழ்கிய எஸ்டேட் தலையில் விழுந்தது. டஸ்கனியை ஆண்ட பெரும்பிரபு தனி ஆணை போட்டு இவரை வயதுக்கு வந்தவராக அறிவிக்க வேண்டியிருந்தது. கண்டிப்பு, சிக்கனம், பிடிவாதம். ஊர் வைத்த பெயர் ‘இரும்பு பிரபு’. இத்தாலி ஒன்றுபட்ட 1861இல், முதல் பிரதமர் கவூர் திடீரென்று இறந்தபோது அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் இவர்தான். ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1866இல் மறுபடி பிரதமராகி அடுத்த ஆண்டே இறங்கினார். அரசியலில் அவருக்கு வாய்க்காத பொறுமை திராட்சையில் வாய்த்தது.

அவர் ஒயினுக்கு வந்த கதையை அங்கே கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்வார்கள். ஃபுளோரன்ஸில் ஒரு நடன விருந்தில் தன் இளம் மனைவி அன்னாவோடு வேறொருவர் நெருக்கமாக ஆடுவதைப் பார்த்த பெத்தினோ, அவளை அப்படியே வண்டியில் ஏற்றி இரவோடு இரவாக ப்ரோலியோவுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். உண்மையோ பொய்யோ, அவரது கடுகடுத்த முகத்தை ஓவியத்தில் பார்த்தால் செய்திருப்பார் என்றுதான் தோன்றும். எப்படியோ, பல ஆண்டுகள் அந்தக் குன்றில் தங்கி, பிரான்சுக்குப் போய் அங்குள்ள முறைகளைப் பார்த்து வந்து, எந்தத் திராட்சை எதனோடு சேரும் என்று சோதித்துக்கொண்டே இருந்தார்.

பலன் 1872இல் எழுதிய ஒரு கடிதத்தில் கிடைத்தது. பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்டூடியாத்திக்கு எழுதியது. அதன் சாரம் இது: சாஞ்சொவேசே என்ற கறுப்புத் திராட்சை ஒயினுக்கு மணத்தையும் வீரியத்தையும் தருகிறது. கனயோலோ என்ற இன்னொரு கறுப்புத் திராட்சை அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கிறது. மல்வசியா என்ற வெள்ளைத் திராட்சை அந்தக் கலவையை இளக்கி, அன்றாடச் சாப்பாட்டோடு சீக்கிரம் குடிக்கத் தோதாக்குகிறது. இதற்கு நடுவே ஒரு சின்ன வாக்கியம்: நீண்ட காலம் வைத்திருந்து குடிக்க வேண்டிய ஒயினுக்கு இந்த மல்வசியா இல்லாமலேயே இருக்கலாம்.

அடுத்த நூறாண்டுக் குழப்பத்தின் முடிச்சு அந்தச் சின்ன வாக்கியத்தில் இருக்கிறது. ‘இரும்பு பிரபுவின் சூத்திரம்’ என்று இந்தக் கடிதத்தைக் கொண்டாடியவர்கள் மூன்று திராட்சைப் பெயர்களையும் மனப்பாடம் செய்தார்கள். அவர் போட்ட விலக்கை விட்டுவிட்டார்கள். 1967இல் இத்தாலிய அரசு கியான்டி ஒயினுக்குச் சட்ட விதிகள் வகுத்தபோது, 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டது. மல்வசியாவோடு ட்ரெபியானோ என்ற வெள்ளை ரகமும் உள்ளே வந்தது. ட்ரெபியானோ எங்கே நட்டாலும் காய்த்துத் தள்ளும், மணம் குறைவு. மலிவாக நிறைய ஒயின் செய்ய நினைப்பவருக்கு அதைவிட நல்ல நண்பன் கிடையாது. மரபு என்ற பெயரில் சட்டத்தில் ஏறியதற்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது என்றே நினைக்கிறேன்.

எல்லைக் கோடுகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1716இலேயே டஸ்கனியை ஆண்ட மெதிச்சி குடும்பத்துப் பெரும்பிரபு மூன்றாம் கோசிமோ, எந்த ஊர் ஒயின் கியான்டி என்ற பெயரில் விற்கலாம் என்று ஆணை போட்டுவிட்டார். உலகத்திலேயே இப்படி ஒயினுக்கு எல்லை வகுத்த மிகப் பழைய ஆணைகளில் ஒன்று. ஆனால் பெயருக்கு மவுசு வர வர, சுற்றியிருந்த ஊர்களும் அதையே ஒட்டி விற்றன. 1924இல் 33 பேர் ராத்தா என்ற ஊரில் கூடி, பெயரைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். கறுப்புச் சேவல் அவர்கள் சின்னம். 1932இல் அரசு தலையிட்டது, நடந்ததோ எதிர்மாறு. கியான்டி என்ற பெயரைப் பெரிய பரப்பு முழுக்கக் கொடுத்துவிட்டு, பழைய மையப் பகுதிக்கு மட்டும் ‘க்ளாசிகோ’ என்ற வால் ஒட்டினார்கள். அதனால்தான் இன்று ‘கியான்டி’ வேறு, ‘கியான்டி க்ளாசிகோ’ வேறு. ப்ரோலியோ இரண்டாவதில் வரும். கடையில் வாங்கும்போது பலரும் ஏமாறும் இடம் இது.

(சேவல் கதையையும் சொல்லிவிடுகிறேன், எந்தச் சுற்றுலாவிலும் இது தப்பாது. ஃபுளோரன்ஸும் சியெனாவும் எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரண்டு நகரத்திலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரர் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்பந்தம். சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியும் முன்பே கூவிவிட்டது. அவர்கள் வீரர் சியெனாவுக்கு மிகக் கிட்டே வந்துவிட்டார். வரலாறு என்று நம்ப வேண்டாம். ஆனால் ஃபுளோரன்ஸின் பழைய அரண்மனையில் பெரிய மண்டபத்துக் கூரை ஓவியத்தில் வசாரி இந்தச் சேவலை வரைந்திருக்கிறார்.)

1960களில், 70களில் வெளிநாட்டினருக்குக் கியான்டி என்றால் வைக்கோல் சுற்றிய குண்டு பாட்டில்தான். பெயர் ஃபியாஸ்கோ. குடித்த பிறகு மெழுகுவத்தி சொருகி வைக்க வசதி. உள்ளே இருந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மதிப்பு மீண்டது சட்டத்தை மீறியவர்களால். டஸ்கனியின் கடலோரத்தில் பொல்கெரியில், பிரெஞ்சு ரகமான கபெர்னேயைக் கொண்டு செய்த சாஸிகாயா 1968ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து விற்பனைக்கு வந்தது. கியான்டிக்கு உள்ளேயே, அந்தினோரி குடும்பம் 1971ஆம் ஆண்டு விளைச்சலில் தின்யானெல்லோவைத் தொடங்கியது. சாஞ்சொவேசேயைச் சிறிய ஓக் பீப்பாயில் வைத்தார்கள். சில ஆண்டுகளில் வெள்ளைத் திராட்சையை முழுக்கக் கைவிட்டார்கள். விதிப்படி இவற்றைக் கியான்டி என்று சொல்ல முடியாது, ‘சாப்பாட்டு மேசை ஒயின்’ என்ற கடைநிலைப் பெயரில்தான் விற்க வேண்டும். அந்தக் கடைநிலைப் பெயரோடு அவை சட்டபூர்வமான கியான்டியைவிடப் பல மடங்கு விலைக்குப் போயின. சட்டத்துக்கு வெட்கம் வர அது போதும். 1984இல் வெள்ளைத் திராட்சையின் அளவைப் பெரிதும் குறைத்தார்கள். 1996இல் க்ளாசிகோவுக்குத் தனி விதிகள் வந்தன. சாஞ்சொவேசே மட்டும் கொண்டும் ஒயின் செய்யலாம் என்றானது. 2006 விளைச்சலிலிருந்து வெள்ளைத் திராட்சைக்கு அடியோடு தடை. இன்று குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேசே இருக்க வேண்டும். பெத்தினோ கடிதத்தில் எழுதிய விலக்கு, 130 ஆண்டுகள் கழித்து விதியாகியிருக்கிறது.

அதற்குள் ப்ரோலியோவிலேயே என்ன நடந்தது? 1970களில் குடும்பம் தன் ஒயின் தொழிலையும் பெயரையும் விஸ்கிக்குப் பேர்போன கனடா நிறுவனம் சீகிராமிடம் கொடுத்துவிட்டது. பிறகு அது ஆஸ்திரேலியாவின் ஹார்டிஸ் கைக்குப் போனது. நிலமும் கோட்டையும் குடும்பத்திடம். பாட்டில் மேல் இருக்கும் பெயர் மட்டும் அந்நியரிடம். 1993இல் பிரான்செஸ்கோ ரிகாசோலி அதைத் திரும்ப வாங்கினார். அதுவரை அவர் தொழில்முறைப் புகைப்படக்காரர். கொடிகளைப் பிடுங்கி மறுபடி நட்டு, மண்ணைப் பரிசோதித்து, 1997 விளைச்சலில் ‘காஸ்தெல்லோ தி ப்ரோலியோ’ என்ற பெயரில் தலைமை ஒயினை வெளியிட்டார். கோட்டையின் பெயர் தாங்கிய அந்த ஒயினுக்கு வயது அவ்வளவுதான்.

சுற்றுலாவில் பொதுவாக இரண்டு வரியில் முடிந்துவிடும் இன்னொரு கதை, கொடிகளைப் பராமரித்தவர்கள் யார் என்பது. நமக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். பாதி வாரக் குத்தகை என்றால் போதும். மெத்சாத்ரியா என்று பெயர். நிலமும் வீடும் பிரபுவுடையவை, உழைப்பு குடியானவர் குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கொடி, ஆலிவ், கோதுமை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்தே இருந்தன; சாப்பாட்டுக்கு எல்லாமே தேவைப்பட்டதே! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் ஆலை வேலைக்கு நகரம் போனார்கள். 1964இல் புதிய வாரக் குத்தகை ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. கல் வீடுகள் காலியாகிக் கிடந்தன. நேர்கோட்டில் கொடி மட்டும் நட்ட, டிராக்டர் போகும் தோட்டங்கள் அதற்குப் பிறகுதான் பரவின. அஞ்சலட்டையில் ‘காலம் மாறாத டஸ்கனி’ என்று விற்கும் அந்த வரிசை வரிசையான தோட்டக் காட்சியில் பெரும்பகுதி, வாரக்குடிகள் வெளியேறிய பிறகு உண்டானது. காலியான வீடுகளில் பல இன்று பயணிகள் தங்கும் பண்ணை விடுதிகள். நீங்கள் தூங்கும் அறை பழைய மாட்டுக் கொட்டகையாகக்கூட இருக்கலாம்.

சரி, இப்போது பீப்பாய் அறைக்கு வருவோம். உள்ளே நுழைந்ததும் பீப்பாயின் அளவைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பெரிய பீப்பாய்கள் பழைய டஸ்கனி வழக்கம். 225 லிட்டர் கொள்ளும் சின்னவை பிரான்சிலிருந்து வந்தவை. பீப்பாய் சிறியதானால் ஒயினில் அதிகப் பங்கு மரத்தைத் தொடும். வெனிலா, கருகல் வாசனை தூக்கலாக ஏறும். தின்யானெல்லோவுக்குப் பிறகு எல்லோரும் சின்னப் பீப்பாய்க்குப் பாய்ந்தார்கள். கொஞ்ச காலமாகப் பலர் பெரியதற்கே திரும்புகிறார்கள். எந்த ஒயின் எந்தப் பீப்பாயில், ஏன் என்று கேட்டால் வழிகாட்டி மனப்பாடத்தை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார்.

மேசையில் உட்கார்ந்ததும் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. டானின் என்று அவர்கள் சொல்வதை விளக்க ஐரோப்பிய வழிகாட்டிகள் ‘வாய் உலர்கிற மாதிரி, ஈறை இழுக்கிற மாதிரி’ என்று சுற்றி வளைப்பார்கள். நமக்கு அது அறுசுவையில் ஒன்று: துவர்ப்பு. பச்சை வாழைப்பூவைக் கடித்தாலோ, நாலு நாவல் பழம் தின்றாலோ நாக்கில் என்ன நடக்கிறதோ அதேதான். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. நிறமும் தோலிலிருந்துதான், கறுப்புத் திராட்சையானாலும் சாறு வெளுப்பாகத்தான் இருக்கும். சாஞ்சொவேசேயின் குணம் இரண்டு: துவர்ப்பும் அதிகம், புளிப்பும் அதிகம். கோப்பையைச் சாய்த்து வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்தால், அடர்ந்த கறுப்பாக இருக்காது. ஒளி புகும் சிவப்பு, வயதானால் ஓரத்தில் செங்கல் நிறம். மணத்தில் செரிப் பழம், காய்ந்த இலை. வெறுமனே குடித்தால் ‘என்ன இப்படிப் புளிக்கிறது’ என்று தோன்றலாம். ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ் தின்றுவிட்டுக் குடித்துப் பாருங்கள். கொழுப்பு துவர்ப்பை அடக்கும், புளிப்பு கொழுப்பைக் கழுவும். ரசம் இல்லாத விருந்து நமக்கு எப்படி முழுமையாகாதோ, சீஸும் இறைச்சியும் உள்ள மேசைக்கு இந்தப் புளிப்பு அப்படி.

பாட்டிலில் மூன்று தரப் படிகள் இருக்கும். சாதாரணக் க்ளாசிகோவுக்குக் குறைந்தது 12 மாதம் முதிர்ச்சி, ரிசர்வாவுக்கு 24, 2014இல் வந்த கிரான் செலத்சியோனேக்கு 30. இந்த மூன்றாவதற்குத் திராட்சை எஸ்டேட்டின் சொந்தத் தோட்டத்தில் விளைந்திருக்க வேண்டும். ப்ரோலியோவில் எனக்குச் சுவையான விஷயம் வேறு. அங்கே கொல்லெதிலா, ரொன்சிகோனே, செனிப்ரிமோ என்று தனித் தனித் தோட்டத்தின் பெயரில் மூன்று கிரான் செலத்சியோனே உண்டு. மூன்றும் சாஞ்சொவேசே மட்டுமே. ஒன்று சுண்ணாம்புக்கல் நிலம், ஒன்று பழைய கடற்படிவு, ஒன்று ஆற்றோரப் படிவு. மண் மாறினால் சுவை மாறுமா என்பதற்கு அவர்கள் தரும் பதில் அது. கூடுதல் காசு கொடுத்தாவது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது, வயது வரிசையில் மூன்று ஒயின் குடிப்பதைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

துப்புவதற்கு மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். கொடுத்ததைத் துப்புவது மரியாதைக் குறைவு என்று நமக்குக் கூசும். அங்கே தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்வார்கள். காரில் வந்தவர் கட்டாயம் துப்ப வேண்டும். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரைதான் அனுமதி, உரிமம் வாங்கி மூன்றாண்டு ஆகாதவருக்கு அதுவும் இல்லை. கியான்டியின் சாலைகள் வேறு வளைவும் நெளிவுமாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் தட்டில் முதலில் வருவது பன்றி இறைச்சித் துண்டாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் போனால் அறுவடை. பார்க்க நன்றாக இருக்கும், பேசத்தான் யாருக்கும் நேரம் இருக்காது.

ஊருக்குப் பாட்டில் கொண்டுவருவது பற்றி ஒரு கணக்கு. இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது இடிக்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தொல்லை இல்லை. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலிய ஒயின் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கூடவே பளபளப்பான சிவப்புப் பாண்டங்களின் துண்டுகள். அவற்றுக்கு ‘அரெட்டைன்’ என்று பெயர் வரக் காரணமான அரேத்சோ, கியான்டி மலைகளுக்குக் கிழக்கே இருக்கும் டஸ்கனி நகரம்தான்.

எழுந்திருக்கும் முன் ‘வின் சாந்தோ’ இருக்கிறதா என்று கேளுங்கள். சிறிய கோப்பையில் தேன் நிறத்தில் வரும், பாதாம் பிஸ்கட்டோடு. திராட்சைக் குலைகளைப் பறித்து மாதக்கணக்கில் காயவைத்து, பிழிந்து, சின்னஞ்சிறு பீப்பாய்களில் ஊற்றி மூடிவிடுவார்கள். குளிர்ந்த நிலவறையில் வைப்பதில்லை. கூரைக்கு அடியிலுள்ள பரணில், கோடை வெயிலிலும் பனிக்குளிரிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதற்குப் பயன்படும் திராட்சைகள் ட்ரெபியானோவும் மல்வசியாவும். சிவப்பு ஒயினிலிருந்து 2006இல் வெளியேற்றப்பட்ட அதே இருவர், பரண் மேலே குடியிருக்கிறார்கள்.